கூத்துமாடத்தில் கம்பன்

கேள்வி: மேடைச் சொற்களைக் கற்க ஆசை. எங்கள் பாலக்காட்டில் எங்கே தொடங்கலாம்? – வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: பகவதி கோயில் வாசலில், அதுவும் ராத்திரியில்! தோல்பாவைக்கூத்துக்கென்றே கட்டிய மேடைக்குக் 'கூத்துமாடம்' என்று பெயர். திரை, 'ஆயப்புடவை': மேலே வெள்ளை, கீழே கறுப்பு. பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்குகளை வரிசையாக ஏற்றுவார்கள். பாவையின் பொடித் துளைகளில் வெளிச்சம் கசிந்து, சுடர் அசையும்போது ராமனே மூச்சு விடுவதுபோல் இருக்கும். பாவை ஆட்டுபவர் 'புலவர்'. கம்பன் பாட்டை மனப்பாடமாகச் சொல்லி, விளக்கமும் சொல்பவரை வேறெப்படி அழைப்பது? தாரிகன் என்னும் அசுரனோடு போரிடப் போனதில் ராவண வதத்தைப் பார்க்கத் தவறிய பத்ரகாளிக்காகத்தான் இந்தக் கூத்து என்பது ஐதீகம். ஊரே தூங்கிப்போனாலும் ஆட்டம் நிற்காது. முதல் ரசிகை சன்னதியில் கண்விழித்து உட்கார்ந்திருக்கிறாளே!