வாலை இழுத்துக்கொண்டு நடந்த காலம்

எங்கள் காலத்து டைனோசர்களுக்கு அவசரமே கிடையாது. சேறும் சதுப்புமான நிலத்தில், ஆளுயரப் பெரணிகளுக்கு நடுவே, வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல நடக்கும். அதிலும் முதுகு நெடுகத் தகடுகளை நட்டுவைத்துக்கொண்டு, இடுப்பு மேடாக உயர்ந்து, தலை மண்ணைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்து நிற்கும் ஸ்டெகோசாரஸ் இருக்கிறதே, அவ்வளவு அலுத்துப்போன ஒரு பிராணியை நான் வேறெந்தப் படத்திலும் பார்த்ததில்லை. கிளை நூலகத்தில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிவைத்திருந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் அது இருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. நூலகருக்கு எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும். அதனால் படத்தைக் கண்ணாலேயே மனப்பாடம் செய்துகொண்டு, வழியில் யாரோடும் பேசாமல் வீட்டுக்கு நடந்து, சிலேட்டில் வரைந்து பார்ப்போம். முதுகுத் தகடுகள் ஒரு நாள் பத்து வரும், இன்னொரு நாள் பதினைந்து வரும். உங்கள் சிறுவயதிலும் இப்படி ஒரு பக்கமும் ஒரு படமும் இருந்திருக்கும். வேறு பிராணியாக இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

பல ஆண்டுகள் கழித்து இந்தப் பிராணியின் கதையைத் தேடிப் படித்தபோது எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் எது தெரியுமா? மேதைகள் என்று பெயரெடுத்தவர்களும் அந்தத் தகடுகளை எங்கே வைப்பது, எத்தனை வரிசையாக வைப்பது என்று பல பத்தாண்டுகள் வைத்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான்.

1877 மார்ச் மாதம். கொலராடோவில், டென்வருக்கு மேற்கே மாரிசன் என்ற சிற்றூரை ஒட்டிய மலைச்சரிவில், ஆர்தர் லேக்ஸ் என்ற ஆசிரியரும் அவருடைய நண்பர் ஹென்றி பெக்வித்தும் பாறையில் பதிந்த இலைகளைத் தேடிக்கொண்டு போனார்கள். அகப்பட்டதோ பாறைக்குள் கிடந்த மிகப் பெரிய ஒரு முதுகெலும்பு. லேக்ஸ் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர். நீர்வண்ணத்தில் அழகாகத் தீட்டுவார். யேல் பல்கலைக்கழகத்திலிருந்த ஒத்னியல் சார்ல்ஸ் மார்ஷுக்கு எலும்புகளைப் படமாக வரைந்து கடிதம் போட்டார். பதில் வரத் தாமதமாயிற்று. கடிதம் போட்டுவிட்டுத் தபால்காரர் வரும் நேரமெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருந்த வயதினருக்கு லேக்ஸின் அந்த நாட்கள் நன்றாகவே புரியும். அவர் சும்மா உட்காரவில்லை. எலும்புகளையே பெட்டிகளில் அடைத்து அனுப்பினார், மார்ஷின் பரம வைரியான ஃபிலடெல்ஃபியாவின் எட்வர்ட் டிரிங்கர் கோப்புக்கும் கொஞ்சம் அனுப்பினார். மார்ஷ் நூறு டாலர் கொடுத்து, விஷயம் வெளியே போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கோப்பிடம் போன எலும்புகளும் கடைசியில் மார்ஷிடமே போய்ச் சேர்ந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் மாரிசன் எலும்புகளில் ஒரு தொகுதிக்கு ஸ்டெகோசாரஸ் ஆர்மேட்டஸ் என்று பெயர் வைத்து, அதற்கென்று உயிரின வகைப்பாட்டில் தனி வரிசை ஒன்றையே மார்ஷ் உருவாக்கிவிட்டார்.

லேக்ஸ் 1879-இல் வயோமிங்கிலுள்ள கோமோ பிளஃப் மேட்டுக்கும் போய், அங்கே தோண்டும் வேலையில் ஈடுபட்டார். பகலில் பாறையை உடைத்த கைதான் அந்தக் குழிகளையும் மனிதர்களையும் வானத்தையும் நீர்வண்ணத்தில் தீட்டிவைத்தது. அந்தச் சித்திரங்கள் இன்றும் யேலில் இருக்கின்றன. தோண்டுமிடத்தை இன்று ட்ரோன் மேலிருந்து படம் பிடிக்கிறது; ஒவ்வொரு எலும்பு கிடந்த நிலையும் மில்லிமீட்டர் கணக்கில் பதிவாகிறது. அது வேண்டியதுதான், சந்தேகமேயில்லை. ஆனால் ஒரு மனிதன் ஒரு மேட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த நேரம் அந்த ஓவியங்களில் இருக்கிறது. ட்ரோன் படத்தில் அதை நான் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

மார்ஷ் முதலில் எழுதிய பிராணி நாம் அறிந்த ஸ்டெகோசாரஸே அல்ல. அது நீரில் வாழ்ந்த, ஆமைச் சாயல் கொண்ட ஒன்று. தகடுகள் நிமிர்ந்து நிற்கவில்லை. கூரை ஓடுகள் மாதிரி முதுகின்மேல் படுத்துக்கிடந்தன, அதனால்தான் கூரைப் பல்லி என்று பொருள்படும் அந்தப் பெயர். பிறகு முன்னங்கால்கள் இவ்வளவு குட்டையாக இருக்கின்றனவே என்று யோசித்து, அது இரண்டு காலில் நடந்திருக்கும் என்றார். 1891-இல் அவர் வெளியிட்ட எலும்புச் சித்திரத்தில் நான்கு கால்களும் தரைக்கு வந்தன, தகடுகள் எழுந்து முதுகின் நடுவே ஒற்றை வரிசையில் நின்றன, வாலில் எட்டு முட்கள் இருந்தன. பதினான்கே ஆண்டுகளில் ஒரே ஆள் ஒரே பிராணியை நீரிலிருந்து கரையேற்றி, எழுப்பி நிறுத்தி, மறுபடி நான்கு காலில் இறக்கிவிட்டார்.

இத்தனைக்கும் விடை ஏற்கெனவே பாறைக்குள்ளிருந்து வெளியே வந்திருந்தது. கொலராடோவின் கேன்யன் சிட்டிக்குப் பக்கத்தில், கார்டன் பார்க்கில், மார்ஷல் ஃபெல்ச் என்பவர் 1886 வாக்கில் ஏறக்குறைய முழு எலும்புக்கூடு ஒன்றைத் தோண்டி எடுத்தார். செத்த பிராணி ஒருக்களித்து விழுந்து, அப்படியே நசுங்கிப் பாறையாகிவிட்டிருந்தது. எலும்புகள் இடம் பெயரவில்லை. 1887-இல் மார்ஷ் அதற்கு ஸ்டெகோசாரஸ் ஸ்டெனாப்ஸ் என்று பெயரிட்டார். பின்னர் அது வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அங்கே பாறையை முழுதாகச் சுரண்டி எடுத்துப் பார்த்த சார்ல்ஸ் கில்மோர், தகடுகள் இரண்டு வரிசை, ஆனால் எதிரெதிராக அல்ல, ஒன்றுவிட்டு ஒன்றாக என்று 1914-இல் பெரிய ஆய்வு நூலாகவே எழுதினார். அதற்கு நான்கு ஆண்டு முன்புதான் யேலில் ரிச்சர்ட் ஸ்வான் லல், செத்தபின் சரிந்ததால்தான் அவை அப்படித் தெரிகின்றன, உயிரோடிருக்கையில் இணை இணையாகவே நின்றன என்று வாதாடி, உலகின் முதல் ஸ்டெகோசாரஸ் எலும்புக்கூட்டைத் தகடுகளை இணையாக வைத்து நிறுத்தியிருந்தார். 1920-களின் நடுவில் அதன் தகடுகள் கழற்றப்பட்டு மாற்றி மாட்டப்பட்டன. கில்மோர் சொன்னதே சரி என்று 1992-இல் அதே கார்டன் பார்க்கில் கிடைத்த இன்னொரு எலும்புக்கூடும் உறுதிசெய்தது. அதில் தொண்டைக்கடியில் சிறு சிறு எலும்புக் குமிழ்களால் ஆன ஒரு கவசமும் இருந்தது, வால்முட்கள் வானத்தைப் பாராமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தன.

இடையில் இந்தப் பிராணி பறக்கவும் செய்தது! டார்ஜானைப் பூமியின் உட்கருவுக்கு அனுப்பிவைத்த எட்கர் ரைஸ் பரோஸ், 1930 வாக்கில், தகடுகளைச் சாய்த்துக்கொண்டு மேட்டிலிருந்து மிதந்து இறங்கும் ஒரு ஸ்டெகோசாரஸை எழுதினார். 1940-இல் வால்ட் டிஸ்னி தன் ஃபேன்டேசியா படத்தில் அதை டைரனோசாரஸோடு மோதவிட்டார். இரண்டுக்கும் இடையே எட்டு கோடி ஆண்டு இடைவெளி. ஆனாலும் அந்த மழையும் அந்தச் சண்டையும் பார்த்த எவருக்கும் மறக்காது.

எங்களுக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது மூளை. ஸ்டெகோசாரஸின் மண்டை மிகச் சிறியது. ஆனால் இடுப்பெலும்புக்குள் தண்டுவடம் போகும் வழி பெரிதாக விரிந்திருப்பதை, தலையிலுள்ள மூளைக் குழியைவிட அது பல மடங்கு பெரிது என்பதை மார்ஷ் எழுதிவைத்தார். அதிலிருந்து கிளம்பியது, வாலுக்கென்று தனியாக ஒரு மூளை என்ற கதை. எங்கள் வகுப்பில் அதைப் பேசாத நாளில்லை. முன்மூளை ஒன்று சொல்ல, பின்மூளை வேறொன்று செய்தால் அந்தப் பிராணி எந்தப் பக்கம் போகும் என்று மதிய உணவு மணியடிக்கும்வரை வாதாடுவோம். பறவைகளுக்கும் இடுப்பில் அப்படி ஓர் அகன்ற இடம் உண்டு. அங்கே மூளையில்லை, கிளைக்கோஜன் நிறைந்த திசுதான் இருக்கிறது. ஸ்டெகோசாரஸிலும் அப்படியே இருந்திருக்கலாம் என்கிறார்கள். ஒற்றை மூளையோடு அது பல லட்சம் ஆண்டுகள் நன்றாகவே வாழ்ந்திருக்கிறது. இருந்தாலும், இரண்டு மூளையை வைத்து நாங்கள் சிரித்த சிரிப்பை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தகடுகள் எதற்கு? கவசம் என்றுதான் படித்தோம். 1976-இல் ஜேம்ஸ் ஃபார்லோவும் அவருடைய தோழர்களும் காற்றுக் குழாய்க்குள் மாதிரிகளை வைத்துப் பார்த்து, உடற்சூட்டைக் காற்றில் விடுவதற்கு ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கும் தகடுகள் தோதானவை என்றார்கள். பின்னால் வந்தவர்கள், ஒன்றையொன்று அடையாளம் காணவும் எடுப்பாகத் தெரியவும்தான் அவை அதிகம் உதவின என்கிறார்கள். வால்முட்கள் மட்டும் ஆயுதமே: ஒடிந்து, சீழ்பிடித்து ஆறிய முட்கள் கிடைத்திருக்கின்றன, முள் குத்திய துளையோடு அல்லோசாரஸின் வாலெலும்பும் கிடைத்திருக்கிறது.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் எக்சிபிஷன் ரோடு வாசல் வழியாக நுழைந்தால் எதிரே ஒன்று நிற்கிறது. 2003-இல் வயோமிங்கில் கிடைத்து, 2014 டிசம்பரில் அங்கே வைக்கப்பட்டது. சோஃபி என்று செல்லப்பெயர். எண்பத்தைந்து விழுக்காடு எலும்புகள் அதனுடையவையே. அத்தனையையும் கணினிக்குள் ஏற்றி, எடை சுமார் 1.6 டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நான் முதலில் பார்த்தது வாலைத்தான். தரையைத் தொடாமல் நேராகப் பின்னால் நீண்டிருந்தது. அந்தப் பிராணிக்கு அலுப்பே இல்லை, எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. சுற்றிலும் பிள்ளைகள் அதைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். எண்ணி மனத்தில் வைக்கவேண்டிய தேவை அவர்களுக்கில்லை. எனக்கு அவர்களைப் பார்க்கச் சந்தோஷமாகவும், அவர்களுக்கு வீட்டுக்கு நடக்கும் அந்த நடை கிடைக்காதே என்று ஏக்கமாகவும் இருந்தது.

பெயர்களிலும் இடமாற்றம் நடந்துவிட்டது. லேக்ஸ் அனுப்பிய மாரிசன் எலும்புகள் மிகச் சிதைந்தவை, அவற்றை வைத்து இனம் பிரிக்க முடியாது என்று தொல்லுயிரியலாளர் பீட்டர் கால்டன் விண்ணப்பித்தார். 2013-இல் விலங்குகளின் பெயர்களுக்கான சர்வதேச ஆணையம், பேரினத்தின் அடையாளச் சிற்றினமாக ஸ்டெனாப்ஸை ஏற்றது. நியாயமான தீர்ப்பு. ஃபெல்ச் எடுத்த எலும்புக்கூட்டைப் பார்த்தால் யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனாலும் ஆர்மேட்டஸ் என்ற பெயர் தன் சிம்மாசனத்தை இழந்த செய்தியைப் படித்த அன்று, படம் வரைந்து கடிதம் போட்ட அந்த ஆசிரியருக்காக மனம் கொஞ்சம் கனத்தது.

அடுத்தது விலை. 2024 ஜூலையில் நியூயார்க்கில், கொலராடோவில் கிடைத்த ஏபெக்ஸ் என்ற ஸ்டெகோசாரஸ் 4.46 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று. எதிர்பார்த்ததோ 40 முதல் 60 லட்சம். வாங்கிய கென் கிரிஃபின் அதை அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கடனாகத் தந்திருக்கிறார், அதுவரைக்கும் நல்லது. ஆனால் 1982-இல் ஸ்டெகோசாரஸ் கொலராடோவின் மாநிலப் புதைபடிவமாக அறிவிக்கப்பட்டது பள்ளிப் பிள்ளைகள் விடாமல் கேட்டதால். அந்தப் பிள்ளைகளின் பிராணிக்கு இப்போது எந்த அருங்காட்சியகமும் எட்டிப்பிடிக்க முடியாத விலை. இது எனக்குச் சரியாகப் படவில்லை. எலும்பு பொதுவில் இருந்தால்தான் கில்மோரைப் போல ஒருவர் இன்னொரு முறை சுரண்டிப் பார்க்க முடியும், லல்லைப் போல ஒருவர் மறுத்துப் பேச முடியும்.

நம் பக்கத்திலும் ஒரு வழக்கு பாக்கியிருக்கிறது. 1979-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும், அரியலூர் வட்டாரத்துக் கிரெட்டேசியஸ் பாறைகளில் கிடைத்த எலும்புகளைத் தகடு தாங்கிய டைனோசர் என்று கருதி திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி எனப் பெயரிட்டார்கள். ஜுராசிக்கின் ஸ்டெகோசாரஸ் மறைந்து ஆறு கோடி ஆண்டுக்குப் பிறகும் அதன் உறவொன்று தெற்கே மிஞ்சியிருந்தது என்றால் எவ்வளவு பெரிய செய்தி! 1990-களில் தொல்லுயிரியலாளர் சங்கர் சாட்டர்ஜி அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு, அவை பிளீசியோசார் என்ற கடல் ஊர்வனவின் எலும்புகள் என்றார். 2017-இல் கால்டனும் அய்யாசாமியும், இல்லை, தகடு தாங்கிய டைனோசரேதான் என்று மறுபடி எழுதினார்கள். இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. அந்தப் பாறைகளில் மறுபடியும் பொறுமையாகத் தோண்டவேண்டும். கிடைப்பது கடற்பிராணியாக இருந்தாலும் சரி.