பறம்பில் எடுத்த சில்லு

ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் சின்ன வயதில் நாங்கள் பாண்டி ஆடியது பழைய ஓட்டுச் சில்லை வைத்துத்தான். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. எங்கே எடுத்தாய் என்று யாரும் கேட்டதில்லை.

2004இல் இந்தியத் தொல்லியல் துறை, தி. சத்தியமூர்த்தி தலைமையில் அங்கே தோண்டியது. 160க்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் வெளிவந்தன. எனக்கோ அவற்றைவிட, கிடைத்த ஓடுகளோடு வைத்த சீட்டுகள்தான் அதிசயம். விரல் நகமளவு ஓட்டுக்கும் குழி எண், ஆழம் எழுதினார்கள். எதற்கு என்று கேட்டேன். "எங்க கிடந்துச்சுன்னு தெரியலைன்னா இது வெறும் ஓடு, தம்பி" என்றார் எழுதிக்கொண்டிருந்தவர்.

சில வருடம் கழித்துச் சென்னையில் விஷுவல் எஃபெக்ட்ஸ் வேலைக்குச் சேர்ந்தேன். தனித்தனிப் படங்களை ஒரே காட்சியாகச் சேர்க்கும் காம்பாசிட்டிங் பிரிவு. மென்பொருள் நியூக், 1993இல் டிஜிட்டல் டொமைன் நிறுவனம் தன் வேலைக்காக எழுதிக்கொண்டது, 2007இல் ஃபவுண்ட்ரி கைக்கு வந்தது. அதில் நாம் செய்யும் வேலை முழுவதும் சாதாரண எழுத்தாகவே சேமிக்கப்படும். வேலையின் ஒவ்வொரு படியும் ஒரு நோடு. அந்த நோடுகளைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினால் வரிவரியாகப் படிக்கலாம். பகிர அவ்வளவு எளிது. ஆனாலும் நல்ல ஸ்கிரிப்ட் எல்லாம் சீனியர்களின் பென்டிரைவிலேயே இருக்கும்.

பச்சைத் திரையின் நிறம் நடிகரின் தோளில் படிந்த ஒரு ஷாட்டோடு மூன்று நாள் மல்லுக்கட்டிவிட்டு ஒரு அண்ணனிடம் ஸ்கிரிப்ட் கேட்டுப் போனேன். "பச்சை எவ்வளவு இருந்தா அதிகம்னு முதல்ல சொல்லு, அப்புறம் தர்றேன்" என்றார். விடியும்வரை பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினார்: சிவப்பையும் நீலத்தையும் கூட்டிப் பாதியாக்கு, பச்சை அதைத் தாண்டினால் அந்த அளவுக்கே இறக்கு. ஒரே வரிதான். இன்றுவரை பார்க்காமல் எழுதுவேன்.

இன்று எதையும் யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. 2003இல் ஐஎல்எம் என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனம் தன் ஓபன்இஎக்ஸ்ஆர் கோப்பு வடிவத்தையே உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தது. எங்கள் சர்வரிலும் கிஸ்மோக்கள், அதாவது பல நோடுகளை ஒன்றாகக் கட்டிய கருவிகள், குவிந்து கிடக்கின்றன. நியூக்கைத் திறந்தால் மெனுவில் வந்து நிற்கும். இந்தத் தாராளம் எனக்குப் பெரிய சந்தோஷம். விடியும்வரை உட்கார்ந்து சொல்லித்தருவது மட்டும் நின்றுபோயிற்று.

4கே படம் ஒன்றில் ஒரு வாரத்து ஷாட்டுகள் திரும்பி வந்தன. தலைமுடி ஓரங்கள் கத்தரித்து ஒட்டியதுபோல இருந்தன. தம்பி ஒருவன் பயன்படுத்திய கிஸ்மோவைத் திறந்தோம். உள்ளே ஓரத்தை மென்மையாக்கும் பிளர் அளவு 12. பிளர் பிக்சல் கணக்கு. 2கே படத்துக்குப் போட்ட 12, 4கேயில் பாதி மென்மைதான் தரும். "யாருண்ணே இப்படி 12ன்னு போட்டது?" என்றான் அவன். பல வருடம் முன்பு நான்தான். ஏன் 12 என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

அப்போது பறம்பு நினைவுக்கு வந்தது. 1876இல் ஜெர்மானியர் யாகோர் எங்கள் பறம்பைத் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899இலிருந்து தோண்டிய தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ, தான் கண்டெடுத்தவற்றுக்கு 1915இல் அட்டவணை நூலே வெளியிட்டார். பொருளோடு விவரமும் சேர்ந்து வந்தால்தான் அடுத்தவர் அங்கிருந்து தொடர முடியும். இப்போது நான் தரும் ஒவ்வொரு கிஸ்மோவுக்குள்ளும் ஸ்டிக்கி நோட் இருக்கும்: எந்த மாதிரி ஷாட்டுக்குச் செய்தது, பிளேட்டின், அதாவது மூலப் படத்தின், அகலம் என்ன, எங்கே தோற்கும். திருத்தினால் புது எண்; பழையதன்மேல் எழுதுவதில்லை. எழுதினால், முடிந்துபோன ஷாட்டை மறுபடி ரெண்டர் செய்யும்போது அதுவும் மாறிவிடும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்கா மகனைப் பறம்புக்கு அழைத்துப் போனேன். அகழ்ந்த குழிகளின்மேல் கண்ணாடி போட்டு, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். வெளியே வந்ததும் அவன் கையில் ஒரு சில்லு.

"எங்கலே எடுத்த?"

"அந்தா, அந்த உடைமரத்துக்குக் கீழ மாமா."

"அங்கேயே வச்சிட்டு வா."

ஓடிப்போய், எடுத்த இடம் தேடி வைத்துவிட்டு வந்தான்.