திஸ் எந்த வீட்டுப் பிள்ளைலே?

ஏலே பேராண்டி, ராத்திரி லேப்டாப்பப் பாத்து நீ வஞ்ச வசவு தொழுவம் வரைக்கும் கேட்டுச்சு. மாடு பாவம், தன்னத்தான் வையுதான்னு எந்திரிச்சு நின்னுட்டு. அன்டிஃபைன்டுல போயி செட்ஸ்டேட்டத் தேடுதியேன்னு பிரவுசர் கேக்கு. உள்ளதத்தான கேக்கு?

கிளாஸ் எழுதுன, மெத்தட் எழுதுன, உள்ள வரிக்கு வரி திஸ்னு போட்ட. அந்த திஸ் ஒனக்கே பட்டா போட்ட நெலம்னு யாருலே சொன்னா? ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மெத்தட் எங்க பொறந்துச்சுங்கது முக்கியமில்ல, யாரு கூப்புடுதாங்கதான் முக்கியம். புள்ளிக்கு முன்னால நிக்கவந்தான் திஸ். புள்ளிய விட்டுட்டு மெத்தட மட்டும் பிச்சுக் குடுத்தா, பலசரக்குக் கடைக்குப் பிள்ளைய அனுப்பி, "எங்க வீட்டுக் கணக்குல எழுதிக்கோங்க"ன்னு சொல்லச் சொன்ன கததான். எந்த வீடு? அதச் சொல்லி விட்டியா?

ரியாக்ட்டு ஆன்கிளிக்குல அந்தப் பிள்ள போனா, கடைக்காரன் வெரட்டி விட்டுருவான். கிளாசுக்குள்ள எப்பவும் ஸ்ட்ரிக்ட் மோடு, வீடில்லாதவனுக்குக் கடன் கெடையாது. அது நல்லதுலே, சத்தம் போட்டாவது சொல்லுதான். அட்இவென்ட்லிசனர்ல குடுத்துப் பாரு, கணக்கு பட்டன் தலையில ஏறும். செட்டைம்அவுட்ல குடு, விண்டோ தலையில, ஊர்ப் பொதுக் கணக்குல ஏறும். கவுண்ட்ட ஒண்ணு கூட்டச் சொன்னா, விண்டோவுல இல்லாத கவுண்ட்டக் கூட்டி 'நாட் எ நம்பர்'னு எழுதிட்டு கம்முனு இருந்துக்கிடும். நீ விடிய விடிய சிஎஸ்எஸ்ஸத் தோண்டிக்கிட்டு கெடப்ப.

முன்னால ரியாக்ட்டே செல்லங் குடுத்துச்சு. கிரியேட்கிளாஸ்ல எழுதுனா அதுவே திஸ்ஸக் கட்டிக் குடுத்துரும். 2015-ல 0.13 வந்து, ஈஎஸ்6 கிளாசும் எழுதலாம்னு ஆச்சு, அந்தக் கிளாசுக்கு இந்தச் செல்லம் கெடையாது.

கன்ஸ்ட்ரக்டர்ல ஒத்த வரி எழுதேன்லே: திஸ்.கிளிக் = திஸ்.கிளிக்.பைண்ட்(திஸ்). வீட்டு நம்பரச் சட்டையிலயே தச்சு விட்டாச்சு. பொறவு எவன் கால், அப்ளைன்னு இழுத்தாலும் வீடு மாறாது. இல்லாட்டி கிளாஸ் ஃபீல்டா ஒரு ஆரோ ஃபங்ஷன் எழுது. அதுக்குச் சொந்த திஸ்ஸே கெடையாது, பொறந்த எடத்து திஸ்தான். ஆனா அது புரோட்டோடைப்புல இருக்காது, மக கிளாஸ் சூப்பர்னு கூப்புட்டா அகப்படாது. பொறவு எங்கிட்ட வந்து அழுவாத.

நீதான் பெரிய புத்திசாலியாச்சே, ரெண்டர்லயே பைண்ட் பண்ணுத. ஒவ்வொரு ரெண்டருக்கும் புது ஃபங்ஷன். சின்ன ஆப்புக்கு அதனால ஒண்ணும் கெட்டுறாது, சும்மா பயங்காட்டுதவன நம்பாத. கீழ பியூர்காம்பொனென்ட் இருந்தாத்தான், புராப் மாறிட்டுன்னு அது வெட்டியா மறுக்கா ரெண்டர் ஆகும்.

ஆனா ரிமூவ்இவென்ட்லிசனர்லயும் போயி மறுக்கா பைண்ட் பண்ணி வச்சிருக்கியே, அதப் பாத்துத்தாம்லே எனக்குச் சிரிப்பாணி அடங்கல! பைண்ட் கூப்புடுத நேரமெல்லாம் புது ஃபங்ஷன்தான் வரும். நீ சேத்தது ஒருத்தன, நீக்கச் சொல்லுதது இன்னொருத்தன. பிரவுசர் மறுபேச்சு பேசாது, பழைய ஆளு உள்ள சம்மணம் போட்டு ஒக்காந்திருப்பான். கட்டுனத ஒரு பேருல வச்சுக்கிட்டு, ரெண்டு எடத்துலயும் அதையே குடுலே.

"2019-லயே ஹூக்ஸ் வந்தாச்சு தாத்தா, இப்ப எவன் கிளாஸ் எழுதுதான்?"ங்க. சரிதான். எரர் பவுண்டரிக்கு மட்டும் ரியாக்ட்டு இன்னமும் கிளாஸ்தான் கேக்கு. அது கெடக்கட்டும், திங்கக்கெழம ஒன் டீம்லீடு ஒன் தலையில ஒரு பழைய புராஜெக்ட்டக் கட்டப் போறாராமே, அதுல ஹூக்ஸ் எத்தன இருக்குன்னு கேட்டியாலே?