கத்தரி கேட்பவர்கள்

மார்ட்டின் ஸ்கார்செஸியின் ‘தி ஏவியேட்டர்’ (2004) பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் வரும் குறை நீளம்தான். கிட்டத்தட்ட மூன்று மணி நேரமா, அரை மணியையாவது வெட்டியிருக்கலாமே என்கிறார்கள். யாருடைய கதையில் கத்தரி கேட்கிறார்கள், பாருங்கள்! ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ படத்துக்கு மேகம் வேண்டுமென்று விமானங்களைத் தரையில் நிறுத்திக் காத்துக்கிடந்தவர் ஹோவர்ட் ஹியூஸ். எடுத்து முடிக்கும் நேரத்தில் பேசும்படம் வந்துவிடவே, பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார். போருக்கென்று தொடங்கிய ராட்சத மர விமானமோ, போர் முடிந்து இரண்டு ஆண்டு கழித்து, 1947 நவம்பரில், சுமார் ஒரு மைல் பறந்தது. அதோடு சரி.

ஹியூஸ் ஓயாமல் கை கழுவும் காட்சிகள் அதிகம் என்று இன்னொரு கட்சி. மனநோய் என்றால் இடைவேளைக்குள் குணமாகிவிட வேண்டும் போலிருக்கிறது. (கேதரின் ஹெப்பர்னாக வந்து ஆஸ்கர் வாங்கிய கேட் பிளாஞ்செட் வரும் காட்சிகளில் மட்டும் எவர் கையிலும் கத்தரி இல்லை.)

உண்மையில் படம் 1947-லேயே கருணையோடு நின்றுவிடுகிறது. ஹியூஸ் இறந்தது 1976-ல். ஓட்டல் அறைகளில் திரைச்சீலையை இழுத்துவிட்டு அவர் அடைந்துகிடந்த ஆண்டுகளையும் ஸ்கார்செஸி எடுத்திருந்தால், நீளம் என்று புகார் சொல்லக்கூட அரங்கில் ஆள் மிஞ்சியிருக்காது.