தாழ்வாரத்துக்குப் பாத்தியதைக்காரர்கள்

கும்பகோணத்துக்குப் பக்கம், அரசலாற்றங்கரையில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், சமையற்கட்டு எல்லாம் தாண்டிப் போனால் கடைசியாகக் கொல்லைத் தாழ்வாரம். வாசலில் நின்று கூப்பிட்டால் அங்கே இருப்பவருக்குக் கேட்காது. பல சமயம் அதற்காகவேதான் அங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள். முன்பக்கத்துக்குப் பொங்கல்தோறும் வெள்ளையடிப்பு உண்டு. பின்பக்கத்துக்கு அந்த யோகம் கிடையாது. ஊரார் வாசலைப் பார்த்துத்தான் மதிப்புப் போடுகிறார்கள், கொல்லையை எவன் பார்க்கிறான் என்பது தாத்தா வகுத்த கொள்கை. அப்பா அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார்.

அப்படிக் காப்பாற்றியதில் கூரை கீழே வந்தது. ஓர் ஐப்பசி அடைமழையில் மூலைப் பக்கத்து ஓடுகளும் சில சட்டங்களும் சரிந்து விழுந்தன. யாருக்கும் அடியில்லை. அங்கே யாராவது போனால்தானே அடிபட?

மழைக்காலம் முடிந்து, தை மாசி போய், சித்திரையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி எழுதினேன்: கொல்லைத் தாழ்வாரத்தைச் செப்பனிடலாம் என்று இருக்கிறேன். அதுவரை அந்தக் குழுவில் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூவும் பூண்டின் மருத்துவக் குணங்களும் மட்டுமே வந்துகொண்டிருந்தன. அன்று சாயங்காலம் ரோஜாவுக்கு இடமில்லை.

“ரெண்டாவது தூணில் சாய்ந்துதான் நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தேன். அதில் கை வைக்காதே” என்றார் சென்னைச் சித்தப்பா. பெங்களூர் அத்தை, “தரையில் ஆடுபுலி ஆட்டம் கீறி வைத்திருப்போம். அதை மூடினால் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்” என்றார். அத்தை கடைசியாகப் படி ஏறியது எப்போது என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி, சுற்றிலும் கண்ணாடி போட்ட ஒரு வராந்தாவின் படத்தை அனுப்பி, “இந்த மாதிரி பண்ணலாமே அண்ணா” என்று யோசனை சொன்னான். படத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வாஸ்து படித்திருக்கும் அத்திம்பேர், ஈசானிய மூலையில் பாரம் இருக்கக் கூடாது என்றும், அங்கே ஆட்டுக்கல் கிடப்பதால்தான் எனக்குப் பதவி உயர்வு தள்ளிப் போகிறது என்றும் கண்டுபிடித்தார். நான் ஓய்வு பெற்ற செய்தி அவருக்கு எட்டவில்லை போலிருக்கிறது.

பாழாய்க் கிடந்தவரை யாருக்கும் வேண்டாத இடம். கொத்தனாருக்குச் சொல்லியனுப்பிய மறுகணம் ஊருக்கெல்லாம் பாத்தியதை வந்துவிட்டது. எவ்வளவு செலவாகும் என்று மட்டும் ஒருவரும் விசாரிக்கவில்லை. பண விஷயத்தில் தலையிடுவது அநாகரிகம் என்று நினைத்திருப்பார்கள்.

கூரைக்குப் போவதற்கு முன், கூரைக்குக் கீழே இருந்ததை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. ஆட்டுக்கல், அம்மி, உரல், குந்தாணி இவையெல்லாம் பிரச்சினையே இல்லை. நாலு பேர் சேர்ந்தாலும் நகராது. ஆகவே விவாதமும் கிடையாது. நகரக்கூடிய சாமான்கள்தான் வம்பு. திரி இல்லாத மண்ணெண்ணெய் ஸ்டவ். ஒரு மிதிக்கட்டை உள்ள அரை சைக்கிள். நாங்கள் முதன்முதலில் வாங்கிய சாலிடேர் டிவியின் அட்டைப்பெட்டி, தெர்மாகோல் சகிதம்: வீடு மாறும்போது வேண்டியிருக்கும் என்று அப்பா எடுத்து வைத்தது. நாங்கள் வீடு மாறவே இல்லை. டிவிதான் போய்விட்டது. பெட்டி இருக்கிறது. அதற்குப் பின்னால், 2006-ல் தொடங்கிய திட்டத்தில் வந்த இலவச வண்ணத் தொலைக்காட்சியும், 2011-ல் தொடங்கிய திட்டத்தில் வந்த விலையில்லா மிக்ஸியும் தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. தமிழ்நாட்டில் வேறெங்கும் சாத்தியப்படாத அந்தக் கூட்டணியை என் கையால் பிரிக்க மனம் வரவில்லை.

அம்மா சமையற்கட்டு வாசற்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு சாமானையும் தூக்கிக் காட்டுவேன். “இருக்கட்டும்” என்பாள். எண்பத்து மூன்று வயதில் மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு அது. பழைய இரும்புக்காரரை வரவழைத்ததுதான் மிச்சம். ஒரு வாளி, கொஞ்சம் கம்பி, உடைந்த மடக்கு நாற்காலி இவ்வளவும் அவருடைய தள்ளுவண்டிக்குப் போயின. அந்த வண்டியிலிருந்து ஒரு பித்தளைத் தவலை எங்கள் வீட்டுக்கு வந்தது. வேறு யார் வீட்டிலோ அவர் எடுத்தது. “இந்த மாதிரி கனம் இப்போ எங்க கிடைக்குது?” என்றாள் அம்மா.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவைப் பார்த்திருப்பீர்கள். பழைய வீடுகளின் தூண், நிலைக்கதவு, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு எல்லாம் அங்கே வந்து குடியேறியிருக்கும். அந்த வகை வியாபாரி ஒருவர் எப்படியோ மோப்பம் பிடித்து எங்கள் கொல்லைக்கும் வந்தார். தூண்களைத் தடவினார், நகத்தால் கீறினார், பிறகு ஒரு தொகை சொன்னார். தொகையைக் குழுவில் போட்டேன். என்ன மாயமோ, அதுவரை தூணைப் பற்றி வாயே திறக்காத உறவினர்களுக்கும் தூண் ஞாபகங்கள் பொங்கிக்கொண்டு வந்தன. எல்லோரும் அதில் சாய்ந்துதான் படித்திருக்கிறார்கள். படித்தவர்களின் தொகையைப் பார்த்தால் கும்பகோணம் அரசுக் கல்லூரியே அங்கேதான் நடந்திருக்க வேண்டும்.

கூரையைப் பிரித்தபோது எங்கள் வம்ச வரலாறு தெரிந்தது. தாத்தா போட்டது நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து, ஈரத்தில் இரண்டாகப் பிளந்து, சூளையில் சுட்டது. ஓரிரு வருஷத்துக்கு ஒரு தடவை ஏறிப் பிரித்து அடுக்க வேண்டும். பூனையும் குரங்கும் அதற்கு முன்பே பிரித்துவிடும். அப்பா காலத்தில் ஒரு பகுதிக்கு மங்களூர் ஓடு வந்தது. பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் ஓட்டுச்சாலை வைத்தார்கள். ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும் அந்தத் தட்டை ஓடு தென்னாடு முழுக்கப் பரவியது. சுவிசேஷத்தை விட ஓட்டுக்கு ஆள் அதிகம் சேர்ந்தார்கள் என்பது என் கணிப்பு. அண்ணன் தன் பங்குக்கு ஒரு கல்நார் ஷீட் போட்டான். அதில் தென்னை மரம் தன் பங்குக்குத் தேங்காய் போட்டது. கடைசியாக என் கைங்கரியம், நீலத் தார்ப்பாய். ஆக நாலு பேர், நாலு கூரை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. எல்லாவற்றிலும் ஒழுகிற்று.

கல்நார் ஷீட்டை உடைக்கவும் அறுக்கவும் கூடாது, அதன் நார்த்தூசு நுரையீரலுக்குள் போனால் ஆயுசுக்கும் வெளியே வராது என்று படித்திருந்தேன். வேலையாட்களிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டுச் சுத்தியலை எடுத்தார்கள். பிறகு நானே தண்ணீர்க் குழாயோடு நின்று நனைத்து நனைத்து, முழுசாக இறக்க வைத்தேன். பார்த்தவர்கள் வெயிலுக்கு ஷீட்டைக் குளிப்பாட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மரநாய் குடித்தனம் இருந்தது. ராத்திரி அதன் நடமாட்டம் கேட்கும், பகலில் ஆள் தென்படாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதன் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. நல்லவேளையாக, ஓடு பிரித்த அன்றே அது முன்னறிவிப்பின்றி காலி செய்துகொண்டு போனது. வாடகை பாக்கி வைத்தது என்றாலும் மரியாதையான குடித்தனம். இப்போது பக்கத்து வீட்டில் இருக்கிறது.

இனி கொத்தனார். அவர் வந்ததும் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. “யார் சார் இந்த வேலையப் பார்த்தது? கரணை பிடிக்கவே தெரியாதவனா இருப்பான்.” எந்தத் தொழிலிலும் முன்னால் செய்தவனைத் திட்டுவதுதான் முதல் நாள் வேலை. அம்மா முக்காலியிலிருந்து, “உங்க அப்பாதாம்ப்பா” என்றாள்.

கொத்தனார் மறுபடி சுவரைத் தட்டினார். இந்தத் தடவை மெதுவாக. “அதான் பார்த்தேன். உள்ள இருக்கிற காரை அசையலை பாருங்க. அந்தக் காலத்து வேலை. மேல எவனோ சிமென்டைப் பூசிக் கெடுத்திருக்கான்.”

அந்த எவனோ யார் என்பதும் அம்மாவுக்குத் தெரியும். ஆள் கிடைக்காத காலம் என்பதால் சொல்லாமல் விட்டாள்.

ஆனால் அவர் சொன்னது சரிதான். இந்த வகைப் பழைய சுவர் செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்தது. தரையிலிருந்து ஈரம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. உள்ளுக்குள்ளேயே உப்புப் பூத்து, ஒருநாள் பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். கட்டடக்கலை படிக்கும் அண்ணன் மகள் இதையே வீடியோ அழைப்பில் படம் வரைந்து விளக்கினாள். ஆகவே சுண்ணாம்பு என்று முடிவாயிற்று. கொத்தனாருக்குச் சுண்ணாம்பு வேலை அவ்வளவாகப் பழக்கமில்லை. அவர் அப்பா வந்தார்.

பெரியவர் வேலை செய்யவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து மகனைத் திட்டினார். அது இல்லாமல் வேலை நடந்திருக்காது. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டுத் தாளித்தபோது, அடுப்பே இல்லாமல் அது கொதித்துப் பொங்கியதை நானும் என் மனைவியும் வேடிக்கை பார்த்தோம். அது பல வாரம் தண்ணீருக்குள் கிடந்து பதமாக வேண்டும். தனியே பீப்பாயில் கடுக்காயை நசுக்கிப் போட்டு, வெல்லம் கரைத்து ஊற வைக்க வேண்டும். அந்தத் தண்ணீரை ஊற்றித்தான் சாந்து குழைப்பது. சுவரில் ஏறிய பிறகும் அவசரம் கூடாது. காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் திரும்பவும் கல்லாக மாறும்.

பீப்பாய் ஊறத் தொடங்கிய சில நாளில் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். “என்ன சார், ஊறல் வாசனை வருதே?” வெல்லமும் கடுக்காயும் கொல்லையில் ஊறினால் நம் ஊரில் வேறு என்ன நினைப்பார்கள்? அவர் கவலையோடு கேட்டாரா, ஆசையோடு கேட்டாரா என்பதுதான் விளங்கவில்லை. சுவருக்கு என்று சொன்னேன். நம்பாமல் இறங்கிப் போனார்.

1824-ல் போர்ட்லாண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கிய ஜோசப் ஆஸ்ப்டினும் இங்கிலாந்தில் ஒரு கொத்தனார்தானாம். ஆச்சரியமில்லை. அவருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து திட்டுகிற அப்பா ஒருவர் இருந்திருப்பார்.

கடைசிப் பூச்சு வழவழவென்று வர வேண்டுமானால் முட்டை வெள்ளைக்கரு சேர்க்கலாம், செட்டிநாட்டு வீடுகளில் அப்படித்தான் என்றார் பெரியவர். அம்மா முக்காலியை விட்டு எழுந்தே விட்டாள். “இந்த வீட்டுச் சுவர் சைவம்” என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

தூண் விவகாரம் ஆசாரி வந்ததும் முற்றிற்று. நாலு தூணில் ஒன்றைக் கறையான் அடியோடு தின்றிருந்தது. சமையற்கட்டிலிருந்து எண்ணினால் மூன்றாவது. கிணற்றிலிருந்து எண்ணினால் இரண்டாவது. சித்தப்பா எந்தப் பக்கத்திலிருந்து எண்ணிப் படித்தார் என்று தெரியாது. வீடியோவில் அழைத்து, நன்றாக இருந்த ஒன்றைக் காட்டி, “இதுதானே சித்தப்பா?” என்றேன். “அதேதான்டா” என்று கண் கலங்கினார். ஆசாரி மற்றதைக் கழற்றினார்.

தரையைத் தேய்த்துக் கழுவியபோது அத்தையின் கீறலும் கிடைத்தது. ஆடுபுலி ஆட்டம் முக்கோணமாக இருக்கும். இது சதுரம்; தாயக்கட்டம். படம் எடுத்து அனுப்பினேன். “அப்போ யாரோ மாத்திக் கீறிட்டாங்க” என்று அத்தை பதில் போட்டார். யாராக இருக்கும் என்று அன்று இரவு முழுதும் குழுவில் விசாரணை நடந்தது. கடைசியில் பழி, பதில் சொல்ல இயலாத தாத்தா மேல் விழுந்தது.

மின்சார வேலை, குழாய் வேலை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வருகிறேன் என்றார்கள். பிறகு வந்தார்கள்.

பொங்கலுக்குச் சித்தப்பா குடும்பத்தோடு வந்தார். நேரே கொல்லைக்குப் போனார். நாட்டு ஓடு, நாலு தூண், வெள்ளைச் சுவர், தாயக்கட்டம் போட்ட சிவப்புத் தரை. ஈசானிய மூலையில் ஆட்டுக்கல். இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “எல்லாம் முன்னே இருந்த மாதிரியே இருக்கே. வேலை எங்கேடா நடந்தது?” என்றார். அண்ணன் மகள் இதைக் கேட்டிருந்தால் பாராட்டு என்று சொல்லியிருப்பாள். எனக்கு அப்படிப் படவில்லை. உள்ளே போய்க் கணக்கு நோட்டை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஓடு. சட்டம். ஆசாரி முன்பணம். வெல்லம் எட்டு கிலோ என்ற இடத்தில் புருவம் ஏறியது. பொங்கல் வருகிறதே என்று சமாதானம் செய்துகொண்டார் போலிருக்கிறது, புருவம் இறங்கியது. அடுத்த வரியில் விரல் நின்றுவிட்டது. கண்ணாடிக்கு மேலாக என்னையும், என் மனைவியையும், முக்காலியிலிருந்த அம்மாவையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“கடுக்காய் பன்னிரண்டு கிலோவா? இந்த வீட்டில் யாருக்குடா அவ்வளவு மலச்சிக்கல்?”