ஓடாமல் ஓடுதல்: ‘ரன்’ என்னும் ஆங்கில வினை பற்றிய ஓர் ஆய்வு

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தால் ஆன ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு ‘ஓடு’ என்று பொருள் சொல்லி, ஓடுகிற பையன் ஒருவனின் படத்தையும் காட்டிவிட்டுத் தொடக்கப்பள்ளிப் பாடநூல் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. எஞ்சிய பொருள்களைச் சொல்ல எந்த வகுப்பிலும் யாரும் திரும்பி வருவதில்லை. அவை எத்தனை என்பதை, ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக இச்சொல்லைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவர், ஒன்பது மாதங்களுக்கு மேல் உழைத்து எண்ணிச் சொன்னார்: வினையாக வரும்போது மட்டும் 645. 2011ஆம் ஆண்டில் இக்கணக்கு வெளியானபோது, 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பின் மிக நீண்ட பதிவான ‘செட்’ வெகுவாகப் பின்தங்கிப் போயிற்று. அந்தச் ‘செட்’டுக்கே சுமார் 430 பொருள்களும் அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்களும் தேவைப்பட்டிருந்தன என்பதை நோக்க, ஒரு நாவலை விழுங்கிய சொல்லை வேறொரு சொல் விழுங்கியது எனக் கொள்க.

645 பொருள்களையும் வரிசையாக அடுக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது அகராதியாளரின் ஊதியத்தில் கைவைப்பதாகும். அவற்றைக் கூர்ந்து பார்ப்பவருக்குப் புலப்படும் ஒரே ஒரு விதியை நிறுவுவதே இங்கு நோக்கம். ஓடுவதற்குக் கால் வேண்டும் என்பது உலக வழக்காயினும், ‘ரன்’ என்னும் சொல் கால் உள்ளவற்றிடம் சிக்கனமாகவும் கால் இல்லாதவற்றிடம் தாராளமாகவும் நடந்துகொள்கிறது. கால் குறையக் குறையப் பொருள் பெருகும் இவ்வியல்பு இனிக் ‘கால்குறை விதி’ எனப்படும்.

இச்சொல்லைக் கண்டு முதலில் திகைத்தவர் இக்காலத்தவர் அல்லர். 1755இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், பொருள் நெகிழ்ந்தும் பரந்தும் கிடப்பதால் தமக்குப் பெருந்தொல்லை கொடுத்த வினைச்சொற்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றை முன்னுரையிலேயே தந்திருக்கிறார். காவல் நிலையச் சுவரில் ஒட்டிய படங்களைப் போன்ற அந்தப் பட்டியலில் ‘ரன்’னும் இருக்கிறது. பின்னர், 1879இல் ஆக்ஸ்ஃபர்டு அகராதியின் ஆசிரியப் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் மர்ரே, படிப்பாளிகளான தொண்டர்களிடம், நூல்களைப் படித்து, சொல் ஆளப்பட்ட வாக்கியத்தை ஆண்டு, ஆசிரியர், நூற்பெயர் ஆகியவற்றோடு சிறு தாள்களில் எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொண்டார். அவர்கள் அனுப்பத்தான் செய்தார்கள். ஆனால் யாரும் கேட்டிராத அபூர்வச் சொல் ஒன்று கண்ணில் பட்டால் விழுந்து விழுந்து எழுதி அனுப்பியவர்கள், பக்கத்துக்குப் பக்கம் வரும் எளிய சொற்களைப் பார்த்தும் பாராமல் போனார்கள். விருந்தாளியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வீட்டுக்காரரின் பெயரை விட்டுவிடும் இப்பழக்கத்தால், எளிய சொற்களுக்கான சான்றுகளை அகராதிப் பணியாளர்களே தேடிச் சேர்க்க வேண்டியதாயிற்று. சேர்த்த தாள்களைப் பொருள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் ஆண்டு முறைப்படி அடுக்கி, பிரிவுக்கு ஒரு விளக்கம் எழுதும்போது, இரண்டு பிரிவுக்கும் பொருந்துகிற தாள் ஒன்று கையில் அகப்படும். அதை எங்கே வைப்பது என்று தெரியாதபோது புதிய பிரிவொன்று பிறக்கும். பொருள்கள் பெருகியதற்கு மொழியைப் போலவே மேசையின் அகலமும் ஒரு காரணமாகலாம் என்பதை அகராதியாளர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மர்ரே 1915இல் காலமானார்; முதற்பதிப்பு 1928இல்தான் முற்றுப்பெற்றது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகக் கூறின், பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’, ‘இர்னன்’ என இரு வடிவங்கள் வழங்கின. இரண்டாவதில் ரகரம் முன்னிருந்த இடத்தைவிட்டு உயிரைத் தாண்டிப் பின்னால் ஓடிப்போனதைக் காணலாம். இதன் உறவுச்சொற்கள் ஜெர்மன் மொழியில் இன்றும் இரண்டாக வாழ்கின்றன: ‘ரென்னென்’ என்றால் ஓடுதல், ‘ரின்னென்’ என்றால் நீர் ஒழுகுதல். ஆகவே முதலில் ஓடியது மனிதனா, தண்ணீரா என்ற வினா எழுகிறது. தண்ணீருக்குக் கால் இல்லை என்பதால் கால்குறை விதி தண்ணீரின் பக்கமே சாய்கிறது.

இனி, பல பொருள் தரும் ஒரு சொல்லில் எப்பொருள் கொள்வது என்பதை அறியத் தமிழ் இலக்கணம் நல்லதொரு வழி வகுத்திருக்கிறது. ‘மா’ என்பது மரமும் ஆகலாம், குதிரையும் ஆகலாம்; பூத்தது என்றால் மரம், கனைத்தது என்றால் குதிரை. இவ்வாறு வினையையும் இனத்தையும் சார்பையும் கொண்டு பொருளைத் தெளியலாம் என்பது தொல்காப்பியர் காட்டிய நெறி. அஃதேல் ‘ரன்’னுக்கும் இதுவே பொருந்தாதோ எனின், பொருந்தாது, ஏனெனில் அந்நெறியில் பெயருக்குச் சாட்சி சொல்ல வரும் வினையே இங்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. இனமும் சார்பும் மட்டுமே கைகொடுக்கும். மூக்கோடு சேர்ந்தால் ஒழுகுதல், சாயத்தோடு சேர்ந்தால் பரவுதல், பொறுமையோடு சேர்ந்தால் தீர்தல், வேலியோடு சேர்ந்தால் நீண்டு கிடத்தல், கம்பெனியோடு சேர்ந்தால் நடத்துதல். தமிழில் ஓடு என்பது தன்வினை, ஓட்டு என்பது பிறவினை என்ற வேலிகூட ஆங்கிலத்தில் கிடையாது. குதிரை ஓடுவதும் குதிரையை ஓடவிடுவதும் அதே மூன்றெழுத்தில் முடிந்துவிடுகின்றன.

கால்குறை விதிக்கான சான்றுகளை இனிக் காணலாம். மரவட்டைக்கு எண்ணிலடங்காக் கால்கள் இருந்தும் ஆங்கிலம் அதற்கு இச்சொல்லைப் பெரும்பாலும் தருவதில்லை. அது ஊர்வதாகவே கொள்ளப்படுகிறது. நாய், குதிரை முதலிய நாற்காலிகளுக்கு (‘நாற்காலி’ இங்கு விலங்குகளையே குறிக்கிறது) சில பொருள்கள் கிடைக்கின்றன. இருகால் மனிதனுக்கு வருவோமானால், அவன் ஓடும்போது கிடைக்கும் பொருள்களைவிட அவன் நிற்கும்போதும் உட்காரும்போதும் கிடைப்பவை மிகுதி. 2007 செப்டம்பரில் இங்கிலாந்தின் நார்தர்ன் ராக் வங்கி நொடித்துவிடும் என்று அஞ்சிய மக்கள், போட்ட பணத்தை எடுப்பதற்காகக் கிளைகளின் வாசலில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். மடக்கு நாற்காலி கொண்டுவந்து உட்கார்ந்தவர்களும் உண்டு. இந்நிகழ்ச்சிக்கு ஆங்கிலம் இட்ட பெயர் வங்கியின் மீதான ‘ரன்’.

மேடைக்கும் இதுவே நிலை. அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்டிராப்’ நாடகம் லண்டனில் 1952 நவம்பரில் ஓடத் தொடங்கியது. இடைவிடாமல் இருபத்தோராண்டு ஓடிய பிறகு 1974இல் அது சென்று சேர்ந்த தொலைவு, அடுத்த கட்டடத்தில் இருந்த செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்கம். இதில் தமிழுக்குப் பழிப்பதற்கு உரிமையில்லை. 1944இல் வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டு ஓடியதாகத்தான் தமிழரும் சொல்கிறார்கள்.

பெண்களின் மெல்லிய காலுறைக்குத் தனி இடம் தர வேண்டியிருக்கிறது. நைலான் இழைகளைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னிய அவ்வுறையில், நாற்காலி முனையோ மோதிரமோ பட்டு ஓரிடத்தில் ஓர் இழை அறுந்தால், அதை நம்பியிருந்த மேற்கண்ணி கழன்று, அதை நம்பியிருந்தது அடுத்துக் கழன்று, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ஒரு வெள்ளைக் கோடு விழுந்துவிடும். குறுக்கிழைகள் மட்டும் அறுபடாமல் படிப்படியாக நிற்பதால் பிரிட்டிஷார் இதனை ஏணி என்கிறார்கள். அமெரிக்கர்களுக்கோ இது ‘ரன்’. கோட்டின் நுனியில் ஒரு சொட்டு நகப்பூச்சை வைத்தால் ஓட்டம் நின்றுவிடும் என்பது அந்நாட்டுப் பெண்கள் கைக்கொள்ளும் வைத்தியம். 645 பொருள்களுள் காலின்மீதே நிகழ்வதும், ஆனால் காலால் நிகழாததுமான இப்பொருள் கால்குறை விதிக்கு மணிமகுடம் போன்றது.

இவ்விரு நாடுகளும் தேர்தலிலும் மாறுபடுகின்றன. பதவிக்குப் போட்டியிடும் அமெரிக்கர் ஓடுகிறார், பிரிட்டிஷ்காரர் நிற்கிறார். தமிழ்நாட்டு வேட்பாளரும் தொகுதியில் ‘நிற்கிறார்’ என்பதால் இவ்வகையில் தமிழர் பிரிட்டிஷ் மரபினர் ஆவர். நிற்பவர் தெருத்தெருவாக அலைவதும், வென்றபின் ஐந்தாண்டு கண்ணில் படாமல் ஓடுவதும் வேறோர் ஆய்வுக்குரியன. அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளரைக் குறிக்கும் ‘ரன்னிங் மேட்’ என்ற தொடர், ஒரே லாயத்தைச் சேர்ந்த முதன்மைக் குதிரைக்கு வேகம் பிடித்துக் கொடுக்கப் பக்கத்தில் ஓடவிடப்பட்ட துணைக்குதிரையிலிருந்து வந்தது. அப்பதவியில் இருப்பவரிடம் இதை எடுத்துச் சொல்வது மரியாதையாகாது.

இச்சொல்லின் வளர்ச்சியில் இயந்திரங்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆலை, கடிகாரம், ரயில், மோட்டார் என ஒவ்வொன்றும் வந்து சேரும்போது அதற்கெனப் புதிய வினைச்சொல்லை ஆக்க ஆங்கிலேயர் மெனக்கெடவில்லை. கையருகே இருந்த இதையே மாட்டிவிட்டனர். 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் ஆகிய இருவர் உருவாக்கிய பேசிக் என்னும் கணினி மொழியில், எழுதிய நிரலைச் செயற்படுத்த ‘ரன்’ என்றே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அறையை விட்டு அசையாத கணினியும், நாற்காலியை விட்டு அசையாத மாணவரும் சேர்ந்து ஓடிய ஓட்டம் அது. தமிழ்நாட்டில் பழைய பைக் விற்பவர், ‘வண்டி நல்ல ரன்னிங் கண்டிஷன்ல இருக்கு’ என்று, ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருக்கும் வண்டியைத் தட்டிச் சொல்வதும் இவ்வகையில் அடங்கும்.

கிரிக்கெட்டில் இவ்விதி கணக்கோடு நிறுவப்படுகிறது. ஆடுகளத்தில் இரு முனைக் குச்சிகளுக்கும் இடையே 22 கஜம், அதாவது 66 அடி. முனைக்கு நான்கடி தள்ளி மட்டையாளரின் எல்லைக்கோடு இருப்பதால், ஒரு ரன்னுக்கு ஓட வேண்டிய தொலைவு 58 அடி; ஆறு ரன்னுக்கு 348 அடி. ஆனால் பந்தை எல்லைக்கு அப்பால் பறக்கவிட்டவர் மட்டையை ஊன்றிக்கொண்டு பந்து போன திசையைப் பார்த்தபடி நின்றாலே ஆறு ரன் எழுதப்படுகிறது. பேஸ்பால் ஆட்டத்திலோ நான்கு தளங்களுக்கிடையே பக்கத்துக்கு 90 அடி. பந்தை வேலிக்கு வெளியே அடித்தவரும், இனித் துரத்த ஆள் இல்லை என்று தெரிந்தும், நான்கு தளத்தையும் தொட்டு 360 அடி சுற்றி வர வேண்டும். வந்தால் அவர் கணக்கில் சேருவது ஒரே ஒரு ரன். நிற்பவருக்கு ஆறு, ஓடுபவருக்கு ஒன்று. காயம்பட்ட மட்டையாளருக்காக வேறொருவர் ஓடும் ‘ரன்னர்’ முறையையும் சர்வதேசக் கிரிக்கெட்டிலிருந்து 2011இல் நீக்கிவிட்டார்கள். ஓடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரே மனிதரும் அத்துடன் வேலையிழந்தார்.

இதுகாறும் கூறியவற்றுக்கு மறுப்பு ஒன்று எழலாம். பொருள்களுள் பல, பின்னே ஒட்டும் சிறு சொற்களால் வந்தவை. ‘ரன் டவுன்’ என்பதற்கு வண்டி மோதிச் சாய்த்தல், இழித்துப் பேசுதல், பேட்டரி தீர்தல், தேடிப் பிடித்தல் என நான்கு பொருள் வருவது ‘டவுன்’ செய்த வேலையாகலாமே எனின், அற்றன்று. தமிழில் ‘ஓடிப்போனாள்’ என்றால் ஊர் கூடிவிடுகிறது. ‘ஓடிவந்தாள்’ என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒட்டுச்சொல்லுக்குப் பங்கு உண்டு, முதற்சொல் இடம் கொடுத்தால்தான்.

கட்டடத் தொழிலில் கிரானைட் விளிம்புக்கும் சுவரடிப் பட்டைக்கும் கூலி பேசும்போது ‘ரன்னிங் ஃபீட்’ இவ்வளவு என்பார்கள். அகலத்தைக் கணக்கில் கொள்ளாமல் நீளத்தை மட்டும் அளக்கும் அளவை இது. இதில் அடி இருக்கிறது, ஓட்டமும் இருக்கிறது. சிமெண்டு வைத்து ஒட்டியபின் எதுவும் அசையக் கூடாது என்பதே மேஸ்திரியின் கவலை.

விதியின் முழு வடிவைக் காண இந்திய ரயில்வேக்குச் செல்ல வேண்டும். அங்கு லோகோ பைலட், உதவி லோகோ பைலட், 2022 முதல் டிரெயின் மேனேஜர் எனப்படும் கார்டு ஆகியோர் ‘ரன்னிங் ஸ்டாஃப்’. இவர்கள் வண்டியில் இருந்தபடியே கடந்த கிலோமீட்டருக்கு ஏற்பக் கிடைக்கும் படி ‘ரன்னிங் அலவன்ஸ்’. பணி முடிந்து வெளியூர்ச் சந்திப்பில் இறங்கியதும், அடுத்த வண்டி வரும்வரை கட்டிலில் படுத்துத் தூங்குவதற்கு நிர்வாகம் கட்டிக் கொடுத்திருக்கும் விடுதியின் பெயர் ‘ரன்னிங் ரூம்’. அதே சந்திப்பின் நடைமேடையில், கிளம்பிவிட்ட வண்டியைப் பிடிக்க ஒரு கையில் பெட்டியும் மறுகையில் பிள்ளையுமாக மூச்சிரைக்க ஓடும் பயணிக்கு, ஓடியதற்குப் படி ஏதும் கிடையாது. ‘ரன்னிங்ல ஏறாதீங்க’ என்ற அதட்டல் மட்டும் உண்டு.