காசு கொடுத்து வாங்கிய கரகரப்பு

(இடம்: சாலிகிராமத்தில் ஒரு மொட்டைமாடி அறை. காலம்: கத்திரி வெயில், பிற்பகல். ஒருவர் இசையமைப்பாளர், இரண்டு குறும்படமும் ஒரு பல்பொடி விளம்பரமும் முடித்தவர். இன்னொருவர் ரிச்சி தெருவில் மிக்ஸரும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்தே தலை நரைத்தவர். பாட்டு மேல் அவருக்குக் கோபம் கிடையாது. பாட்டுப் போடுகிறவர்கள் மேல்தான்.)

மெக்கானிக்: தம்பி, முதல்ல கதவைத் திறங்க.

இசையமைப்பாளர்: ஐயோ அண்ணே! சவுண்ட் ப்ரூஃப் கதவு. திறந்தா ஆட்டோ சத்தம் உள்ள வந்துடும்.

மெக்கானிக்: இப்ப எதுவும் ரெக்கார்ட் ஆகலையே?

இசையமைப்பாளர்: ஆகல. ஆனா ரூமோட வைப் போயிடும்.

மெக்கானிக்: போகட்டும். எனக்கு மூச்சு வரணும். ஏசி என்னாச்சு?

இசையமைப்பாளர்: சத்தம் மைக்ல விழுது, நிறுத்திட்டேன்.

மெக்கானிக்: ஃபேன்?

இசையமைப்பாளர்: அதுவும் விழுது.

மெக்கானிக்: கம்ப்யூட்டர் மேல எதுக்குப் போர்வை?

இசையமைப்பாளர்: அதுக்குள்ள இருக்கிற ஃபேனும் விழுதுண்ணே.

மெக்கானிக்: சரிதான். என்ன கோளாறு, சொல்லுங்க.

இசையமைப்பாளர்: பாட்டு நடுவுல டிக், டிக்னு வெடிக்குது. திடீர்னு குரல் ரோபோ மாதிரி இழுக்குது. இன்டர்ஃபேஸ் மேல கை வைக்க முடியல. திருஷ்டின்னு சொல்லி அம்மா எலுமிச்சம்பழம் கட்டினாங்க.

மெக்கானிக்: பார்த்தேன். அனல் வெளிய வர்ற ஓட்டைக்கு நேரா கட்டியிருக்காங்க. பழம் வெந்து போச்சு. அது கிடக்கட்டும், இந்த ரேக்கை யார் அடுக்கினது? கீழ வால்வு ப்ரீஆம்ப், அது தலையில இன்டர்ஃபேஸ். நடுவுல ஒரு யூனிட், ஒண்ணே முக்கால் இன்ச், விட்டா என்ன?

இசையமைப்பாளர்: காலியா விட்டா ஃபோட்டோல ஏழை ஸ்டுடியோ மாதிரி தெரியும்ணே.

மெக்கானிக்: இன்டர்ஃபேஸ் வெதுவெதுன்னு இருந்தா தப்பில்ல. உள்ள இருக்கிற சூடு அந்த உலோகக் கூடு வழியாத்தான் வெளிய வரணும். ஆனா கீழ இருக்கிறது அடுப்பா எரிஞ்சா அது எங்க போகும்? கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி கூடினா ஆயுசு பாதின்னு எங்க தொழில்ல ஒரு கணக்கு உண்டு. அதுக்கு மேல, சுவர் பூரா பஞ்சு ஒட்டி வச்சிருக்கீங்க. சத்தம் போகாம அடைச்ச ரூமுல சூடு மட்டும் எந்த வழியா போகும்?

இசையமைப்பாளர்: ரகுமான் சாரே 1989-ல வீட்டுலதானே பஞ்சதன் ஸ்டுடியோவை ஆரம்பிச்சார்?

மெக்கானிக்: அவர் ராத்திரியில வேலை பார்க்கிறவர். அதை மட்டும் காப்பியடிச்சிருந்தாலே உங்க வியாதி பாதி போயிருக்கும். சாம்பிள் ரேட் எவ்வளவு வச்சிருக்கீங்க?

இசையமைப்பாளர்: 192,000. குவாலிட்டில நான் காம்ப்ரமைஸ் பண்றதே இல்ல.

மெக்கானிக்: பாட்டு எங்க வரப்போகுது?

இசையமைப்பாளர்: ரீல்ஸ்ல.

மெக்கானிக்: மனுஷக் காது 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல கேக்காது. அதைப் பிடிக்க ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல இருந்தாப் போதும், 48,000 தாராளம். நாலு மடங்கு வேலை வாங்கி நீங்க வௌவாலுக்குப் பாட்டுப் போடுறீங்க. பஃபர்?

இசையமைப்பாளர்: 64. பெரிய ஆளுங்கல்லாம் குறைச்சுத்தான் வைப்பாங்களாம்.

மெக்கானிக்: கணக்குப் போடுங்க. 192,000-ல 64 சாம்பிள்னா ஒரு மில்லி செகண்டுல மூணுல ஒரு பங்கு. பந்தியில இலை காலியாகிறதுக்குள்ள அடுத்த கரண்டி சோறு விழணும், இல்லேன்னா கை இலையைச் சுரண்டும். நீங்க கேக்குற டிக் அந்தச் சுரண்டல்தான். போர்வைக்கு அடியில ப்ராசஸர் நூறு டிகிரிக்குப் பக்கம் போனா, உயிர் பிழைக்க அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். அப்புறம் அந்தக் கெடுவுக்குள்ள எப்படி முடிக்கும்?

இசையமைப்பாளர்: பஃபரை ஏத்தினா லேட் ஆகுமேண்ணே?

மெக்கானிக்: 48,000-ல 256 வச்சா 5 மில்லி செகண்ட் சொச்சம். ஸ்பீக்கர்ல இருந்து ஆறடி தள்ளி உக்காந்தா சத்தம் காதுக்கு வர அவ்வளவு நேரம்தான் ஆகும். பாடுறப்ப 128 வச்சுக்குங்க. மிக்ஸ் பண்றப்ப 1,024-க்குப் போங்க, யாரும் கேஸ் போட மாட்டாங்க. அது சரி, இவ்வளவு பிளக்இன் எதுக்கு?

இசையமைப்பாளர்: அனலாக் வார்ம்த்! டிஜிட்டல் ரொம்பக் குளிர்ச்சியா இருக்குண்ணே.

மெக்கானிக்: இந்த ரூமுலயா?

இசையமைப்பாளர்: இதைப் பாருங்க, ஃபேர்சைல்ட் 670. அசல் பெட்டியில 20 வால்வு, முப்பது கிலோ எடை. சாஃப்ட்வேர்ல வால்வும் கிடையாது, எடையும் கிடையாது.

மெக்கானிக்: எத்தனை டிராக்ல போட்டிருக்கீங்க?

இசையமைப்பாளர்: எல்லாத்துலயும்தான். அறுபது.

மெக்கானிக்: ஆக 1,200 வால்வு. எடை போச்சு, சூடு போகல தம்பி. ப்ராசஸருக்குக் குடி மாறியிருக்கு. இது என்ன?

இசையமைப்பாளர்: ஸ்டுடர் ஜே37 டேப் மெஷின். 1967-ல வந்த பீட்டில்ஸோட சார்ஜென்ட் பெப்பர் ஆல்பம் அபே ரோட்டுல இதுலதான் பதிவாச்சு. டேப் இரைச்சலைக் கூட்டிக் குறைக்கத் தனித் திருகு இருக்கு. பக்கத்துல இருக்கிறது பழைய இசைத்தட்டுக் கீறல்.

மெக்கானிக்: கரகரப்பு.

இசையமைப்பாளர்: கேரக்டர்ணே. டாலர்ல வாங்கினேன்.

மெக்கானிக்: இந்த இரைச்சலை ஒழிக்கணும்னுதான் டால்பி 1965-ல லண்டன்ல கம்பெனியே ஆரம்பிச்சார். நீங்க அதைக் காசு கொடுத்துத் திரும்பக் கூட்டிட்டு வந்து, போக்கறதுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கீங்க.

இசையமைப்பாளர்: இல்லண்ணே, நீங்க போக்க வேண்டியது இலவசமா வந்த கரகரப்பை மட்டும்.

மெக்கானிக்: ரெண்டுக்கும் வித்தியாசம் நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இசையமைப்பாளர்: ஃபீல் பண்ணணும்.

(மெக்கானிக் ஃபீல் பண்ணவில்லை. போர்வையை உருவினார், பழத்தை அவிழ்த்தார், புளோயரால் ஊதினார். ஒரு வருஷத் தூசி பறந்தது. காய்ந்து போன தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகப் பூசினார், ரேக்கில் இடைவெளி விட்டார், ரேட்டையும் பஃபரையும் மாற்றினார், வைஃபையை அணைத்தார். ஓரமாக ஒரு ‘ம்ம்ம்’ மிச்சம் இருந்தது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் அதுவும் நின்றது. எர்த் இல்லாத பிளக் பாயிண்ட். அது வீட்டுக்காரர் விவகாரம். பாட்டு மூன்று தடவை ஓடியது. ஒரு டிக் இல்லை.)

இசையமைப்பாளர்: சுத்தமாத்தான் இருக்கு. கொஞ்சம் ரொம்பவே சுத்தமா இருக்கோ?

(போன் அடிக்கிறது. எடுத்துப் பேசி வைக்கிறார், முகம் வெளிறியிருக்கிறது.)

இசையமைப்பாளர்: டைரக்டர்ணே. நேத்து இங்க உக்காந்து கேட்டப்ப நடுவுல டிக் டிக்னு ஒரு ரிதம் வந்துச்சாம். அனுப்பின ஃபைல்ல அது காணோமாம். பாட்டுக்கு உயிரே அதுதானாம்.

மெக்கானிக்: ஃபைல்ல எப்படி வரும்? பவுன்ஸ் பண்ணி ஃபைலாக்குறப்ப ப்ராசஸருக்குக் கெடு கிடையாது, ஆற அமர எழுதி முடிக்கும். நேர்ல ஓட்டுறப்பதான் வெடிக்கும்.

இசையமைப்பாளர்: அது இருந்தாத்தான் பேமென்ட்டுங்கிறார்.

மெக்கானிக்: அதனால என்ன, பண்ணிடலாம். ரேட்டை ஏத்துங்க, பஃபரை 32-க்கு இறக்குங்க, போர்வையை மறுபடி போர்த்துங்க. வெடிக்க ஆரம்பிச்சதும் ஸ்பீக்கர் முன்னாடி போனைப் பிடிச்சு ரெக்கார்ட் பண்ணுங்க.

இசையமைப்பாளர்: இதுக்கும் சேர்த்து அதே சார்ஜ்தானேண்ணே?

மெக்கானிக்: ரிப்பேருக்கு 800 ரூபா. கெடுத்துத் தர்றதுக்கு டாலர்லதான் வாங்குவேன்.